புள்ளிக்குப் பின்னால்

ஏழாம் வகுப்புக்குத் தசம எண்களை ஒப்பிடக் கற்றுக்கொடுக்க நான் எழுதிய முதல் பாடக்குறிப்பு 11 பக்கம். 40 நிமிடப் பாடவேளை ஒன்றுக்குத்தான் அத்தனையும். ஸ்கெட்ச் பேனாவால் ஓரம் கட்டி, தலைப்புகளுக்கு அடியில் பச்சைக் கோடு இழுத்து, ராத்திரி ஒரு மணிவரை உட்கார்ந்து எழுதினேன். பொது நோக்கங்கள், சிறப்பு நோக்கங்கள், முன்னறிவு, துணைக்கருவிகள், ஆயத்தப்படுத்துதல், எடுத்துரைத்தல், ஒப்பிடுதல், பொதுமைப்படுத்துதல், பயன்படுத்துதல், மீள்பார்வை, வீட்டுப்பாடம் என்று ஒன்றையும் விடவில்லை.

அது 2019. பி.எட். படிப்பு 2015-ல் இரண்டு ஆண்டாக நீட்டப்பட்ட பிறகு, இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளியிலேயே இருந்து பயிற்சி பெற வேண்டியிருந்தது. எனக்குக் கிடைத்தது கும்பகோணத்திலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போகவேண்டிய ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. ஏழாம் வகுப்பில் 38 பிள்ளைகள். வழிகாட்டி ஆசிரியை 20 வருடத்துக்கு மேல் கணக்கு எடுத்தவர். முதல் நாள் என் நோட்டை வாங்கி 11 பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார். கையெழுத்துப் போட்டார். "கையெழுத்து நல்லா இருக்கும்மா, போய் எடு, நான் பின்னாடி உட்கார்றேன்" என்றார்.

22 நிமிடத்தில் பாடம் முடிந்துவிட்டது.

முடிந்தது மட்டுமல்ல, நன்றாகவும் முடிந்தது என்றுதான் நினைத்தேன். பலகையில் 0.3, 0.7 எழுதினேன். "எது பெரியது?" 38 பேரும் ஒரே குரலில் 0.7 என்றார்கள். 1.25, 1.64 எழுதினேன். சரியாகச் சொன்னார்கள். 4.2, 3.9. அதுவும் சரி. மீள்பார்வை என்ற தலைப்பின் கீழ் எழுதி வைத்திருந்த ஐந்து கேள்விக்கும் சரியான விடை. நோக்கங்கள் நிறைவேறின என்று நோட்டில் எழுதிவிட்டு நிமிர்ந்தேன்.

ஆசிரியர் அறைக்குப் போகும் வழியில் டீச்சர் ஒன்றே ஒன்று கேட்டார். "ஏம்மா, தப்பா புரிஞ்சுகிட்ட ஒரு பிள்ளை, நீ கேட்ட அஞ்சு கேள்வில எந்தக் கேள்விக்குத் தப்பா சொல்லியிருக்கும்?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. யோசிக்க யோசிக்கத்தான் விளங்கியது: எந்தக் கேள்விக்கும் இல்லை. புள்ளியை மறைத்துவிட்டுப் பார்த்தால் 3, 7; 125, 164; 42, 39. தசமம் என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளையும் என் ஐந்து கேள்விக்கும் சரியாகச் சொல்லிவிடும். நான் கேட்ட கேள்விகள் பிள்ளைகளுக்குத் தெரிந்ததையும் காட்டவில்லை, தெரியாததையும் காட்டவில்லை.

மறுநாள் டீச்சர் சொன்னபடி வேறு ஜோடிகளை எழுதிப்போட்டு, வாயால் சொல்லவேண்டாம், நோட்டில் எழுதுங்கள் என்றேன். 0.35, 0.7. 0.4, 0.125. 2.5, 2.50. நோட்டுகளை வாங்கி மதியம் புரட்டினேன். 24 பேர் 0.35 பெரியது என்று எழுதியிருந்தார்கள், 35 என்பது 7-ஐ விடப் பெரியதாயிற்றே. 0.35, 0.7 ஜோடிக்குச் சரியாக எழுதியவர்களிலும் சிலரின் காரணம் என்னை உலுக்கியது. "புள்ளிக்குப் பின்னாடி எண் கம்மியா இருந்தா பெருசு, டீச்சர்." விடை சரி, எண்ணம் தவறு. இந்த இரண்டு வகைத் தடுமாற்றத்தையும் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் கே ஸ்டேசியும் விக்கி ஸ்டைன்லேயும் பல ஆண்டு ஆராய்ந்திருக்கிறார்கள் என்பதும், எண் ஜோடிகளை மட்டுமே வைத்து அவர்கள் ஒரு கண்டறி தேர்வு உருவாக்கினார்கள் என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அன்று எனக்கு முன்னால் இருந்தவை அட்டை கிழிந்த 38 நோட்டுகள் மட்டும்.

கல்லூரியில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததைக் குறைத்துப் பேச மாட்டேன். ஜெர்மன் கல்வியாளர் ஹெர்பார்ட்டின் பெயரால் நாம் எழுதும் படிகளுக்குள் உண்மையான ஒரு கருத்து இருக்கிறது: புதியது, ஏற்கெனவே தெரிந்ததோடுதான் ஒட்டும். அவர் 1841-ல் காலமானார். படிகளை ஒழுங்குபடுத்தி வகுப்பறைக்குக் கொண்டுவந்தவர்கள் சில்லர், ரைன் போன்ற அவருடைய வழிவந்தவர்கள். கைக்குக் கை மாறி என் நோட்டுக்கு வந்து சேர்ந்தபோது அந்தக் கருத்து தேய்ந்து தலைப்பாக மட்டும் நின்றது. 'முன்னறிவு' என்ற தலைப்பின் கீழ் நான் எழுதியிருந்தது: "மாணவர்கள் முழு எண்களைப் பற்றி அறிந்திருப்பர்." அந்த முழு எண் அறிவுதான் அவர்களை 0.35-ல் வழுக்கிவிடப் போகிறது என்று அந்த வரியை எழுதும்போது ஒரு நிமிடம் யோசித்திருந்தால் பாடமே வேறாகியிருக்கும்.

கல்லூரியில் பழகிய நுண்ணிலைக் கற்பித்தலும் அப்படித்தான். 6 நிமிடம் கற்பித்தல், 6 நிமிடம் பின்னூட்டம், 12 நிமிடம் மறுதிட்டம், மறுபடி 6, மறுபடி 6, ஆக 36 நிமிடச் சுற்று. கரும்பலகையில் எழுத, வினாக் கேட்க, குரலை ஏற்றி இறக்க அது எனக்கு உண்மையாகவே உதவியது. ஆனால் அங்கே மாணவர்களாக உட்கார்ந்தவர்கள் என்னோடு படித்த தோழிகள். அவர்களில் யாரும் எதையும் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. தப்பே வராத வகுப்பில் பழகிவிட்டு நான் பள்ளிக்கு வந்திருந்தேன்.

வழிகாட்டி டீச்சர் எனக்கு நீளமாக எதையும் விளக்கியதில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து விரலை மடக்குவார். நான் கேள்வி கேட்டதும் ஒரு விரல், இரண்டு விரல், மூன்று. மூன்று விரல் மடங்குமுன் நான் வாயைத் திறந்தால் தலையை லேசாக ஆட்டுவார், 'பொறு' என்று. கேட்டுவிட்டு ஒரு நொடிகூடக் காத்திருக்காமல் நானே பதிலை எடுத்துக்கொடுப்பேன் என்பது அந்த விரல்களைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் சராசரியாக ஒரு நொடி அளவுதான் காத்திருக்கிறார்கள் என்றும், மூன்று நொடி பொறுத்தால் பதில்கள் நீள்கின்றன, பேசாத பிள்ளைகள் பேசுகிறார்கள் என்றும் அமெரிக்காவில் மேரி பட் ரோ 1970-களில் எழுதியிருக்கிறார். டீச்சர் அதைப் படித்திருப்பாரா என்று நான் கேட்டதில்லை. மூன்று நொடி மௌனம் பயிற்சி ஆசிரியைக்கு எவ்வளவு நீளமானது என்பதை மட்டும் இன்றும் உடம்பால் நினைவு வைத்திருக்கிறேன்.

தசமத்துக்குக் காசை உதாரணம் காட்டு, உடனே புரிந்துவிடும் என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் காட்டினேன். ₹12.50 என்றால் பன்னிரண்டு ரூபாய் ஐம்பது காசு. நன்றாகப் போனது. பிறகு 12.5 என்று எழுதிக் கேட்டேன். "பன்னிரண்டு ரூபாய் அஞ்சு காசு, டீச்சர்." காசு அவர்களுக்குத் தசமத்தைச் சொல்லித்தரவில்லை. புள்ளி என்பது இரண்டு முழு எண்களுக்கு நடுவில் நிற்கும் வேலி என்றுதான் சொல்லித்தந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் ரூபாய், அந்தப் பக்கம் காசு. அதோடு, காசையே பார்த்திராத பிள்ளைகள் இவர்கள். 25 காசும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30-ஓடு செல்லாமல் போயின. அப்போது இவர்களுக்கு நான்கு வயது இருக்கும். என் அம்மா காலத்து உதாரணத்தை நான் இவர்கள் கையில் கொடுத்திருந்தேன்.

இதைவிட எனக்குப் பாடமானது ஒரு பையனின் நோட்டு. "3.4, 3.5, ___, ___ கோடிட்ட இடங்களை நிரப்புக" என்று கொடுத்திருந்தேன். அவன் 4, 4.1 என்று எழுதியிருந்தான். சிவப்புப் பேனாவால் இரண்டு பெருக்கல் குறி போட்டேன். மறுநாள் டீச்சர் அந்த நோட்டை எடுத்து, "அவன்கிட்ட ஏன்னு கேட்டியா?" என்றார். கேட்கவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் தட்டோடு வந்தவனை நிறுத்திக் கேட்டேன். அவனுக்கு என் கேள்விதான் விசித்திரமாக இருந்தது.

"மூணு புள்ளி அஞ்சுன்னா அஞ்சு பால் போட்டாச்சு, டீச்சர். இன்னொரு பால் போட்டா ஓவர் முடிஞ்சிடும்ல? அப்ப நாலு."

கிரிக்கெட்டில் அவன் சொன்னது முழுக்கச் சரி. டி.வி. திரையின் மூலையில் ஒவ்வொரு மாலையும் அவன் பார்க்கிற புள்ளி, ஆறுக்கு ஒருமுறை அடுத்த எண்ணுக்குத் தாவுகிற புள்ளி. என் பலகையில் இருந்த புள்ளி பத்துக்கு ஒருமுறை தாவுகிறது. இரண்டுக்கும் ஒரே குறி. இரண்டும் வேறு என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை, நானும் சொல்லவில்லை. காரணத்தோடு எழுதிய பிள்ளைக்கு நான் காரணம் கேட்காமல் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன் என்று அன்று பஸ்ஸில் வீடு வரும்வரை மனது உறுத்திக்கொண்டே இருந்தது.

அடுத்த நாள் பலகையில் இரண்டு ஏணி வரைந்தேன். ஒன்றில் ஆறு படி, மற்றதில் பத்து. ஏணி இரண்டையும் விளக்கியது அவன்தான். பாதியில் அவனே நின்று, "டீச்சர், அரை ஓவர்னா ஸ்கோர்ல 0.3, கணக்குல 0.5" என்றான். வகுப்பு முழுக்கத் திரும்பி அவனைப் பார்த்தது. எனக்கு அப்படி ஒரு வாக்கியம் தோன்றியதே இல்லை.

அதற்குப் பிறகு என் பாடக்குறிப்பின் வடிவம் மாறியது. பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்தேன். இடப்பக்கம் நான் கேட்கப்போவது. வலப்பக்கம் பிள்ளைகள் என்ன சொல்லக்கூடும், ஏன் சொல்லக்கூடும், சொன்னால் அடுத்து நான் எதைக் காட்டப்போகிறேன். ஜப்பானில் ஆசிரியர்கள் சேர்ந்து பாடம் தயாரித்து, ஒருவர் எடுக்க மற்றவர்கள் கவனித்து ஆராயும் வழக்கம் உண்டு. அவர்கள் குறிப்பில் பிள்ளைகளிடம் எதிர்பார்க்கும் விடைகளுக்கென்று தனிப் பத்தியே இருக்கிறது என்று பின்னாளில் படித்தபோது சொந்தக்காரர்களைக் கண்டுபிடித்ததுபோல் இருந்தது. முதலில் வலப்பக்கம் வெறுமையாகக் கிடக்கும். நேற்றைய நோட்டுகளைப் புரட்டாமல் அதை நிரப்ப முடியாது. அதனால் திருத்துவது முதல் வேலையாகவும், திட்டமிடுவது இரண்டாவது வேலையாகவும் ஆனது. கல்லூரியில் நான் படித்த வரிசை இதற்கு நேர்மாறு. 11 பக்கம் ஒன்றரைப் பக்கமாகச் சுருங்கியது. கல்லூரிக்குச் சமர்ப்பிக்க வேண்டிய ரெக்கார்டில் பழைய வடிவத்திலேயே எழுதினேன், அதற்குத்தான் மதிப்பெண்.

மதிப்பெண் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2012-13 முதல் எட்டாம் வகுப்புவரை தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு வந்தது. வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. கல்வி உரிமைச் சட்டத்திலேயே இந்தத் தொடர் மதிப்பீடு இடம்பெற்றிருக்கிறது. வளரறி என்ற சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். வளரும்போதே அறிவது. ஆனால் முதலாண்டில் நான் பார்வையாளராகப் போயிருந்த ஒரு பள்ளியில், ஒரு பருவம் முழுவதற்குமான செயல்பாட்டு மதிப்பெண்கள் ஒரே மாலையில், ஒரே பேனாவால் நிரப்பப்படுவதைப் பார்த்தேன். 9, 8, 9, 9, 8. அந்த ஆசிரியர் சோம்பேறி அல்ல. அன்று காலை அவர் பாடம் எடுத்ததை மெய்மறந்து கேட்டவள் நான். படிவம் எண்ணைத்தான் கேட்டது, எண்ணை அவர் கொடுத்தார். பிள்ளை எங்கே தடுமாறுகிறாள் என்று எழுத அதில் இடமே இல்லை.

ரூத் பட்லர் என்பவர் 1988-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைக் கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். இஸ்ரேலியப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு மதிப்பெண் மட்டும், ஒரு பகுதியினருக்குக் கருத்து மட்டும், மற்றவர்களுக்கு இரண்டும். கருத்து மட்டும் பெற்றவர்கள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள். இரண்டையும் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. மதிப்பெண்ணைப் பார்த்ததும் கருத்தைப் பார்ப்பதில்லை என்றுதான் நான் புரிந்துகொண்டேன். என் வகுப்பிலேயே அது கண்கூடு. நோட்டைக் கொடுத்ததும் பக்கத்துப் பிள்ளையின் நோட்டை எட்டிப் பார்ப்பார்கள், "உனக்கு எவ்ளோ?" நான் கீழே எழுதிய இரண்டு வரி அப்படியே கிடக்கும்.

டீச்சரிடம் அனுமதி வாங்கி, வாரத்தில் மூன்று நாள் நோட்டில் எண்ணும் போடாமல், 'நன்று' என்றும் எழுதாமல், ஒரே ஒரு கேள்வி மட்டும் எழுதினேன். 0.4-ஐ விட 0.125 பெரியது என்று எழுதியவளுக்கு: "கிராப் தாளில் நூறு கட்டத்தில் 0.4-ஐ வண்ணம் தீட்டு. 0.125 அதற்குள் அடங்குமா?" மறுநாள் வகுப்பின் முதல் ஐந்து நிமிடம் அந்தக் கேள்விக்குப் பதில் எழுதுவதற்கு. 38 நோட்டுக்கு 38 கேள்வி எழுத ஒன்றேகால் மணி நேரம் ஆகும். நாலைந்து வகுப்பு எடுக்கிற முழுநேர ஆசிரியர் ஒருவரால் இதைத் தினமும் செய்ய முடியாது என்பதை நான் மறைக்கப் போவதில்லை. ஒரே மாதிரித் தடுமாறியவர்களைச் சேர்த்து ஒரே கேள்வி கொடுத்தால் ஏழெட்டுக் கேள்வியில் முடியும் என்று டீச்சர் காட்டிக்கொடுத்தார். அதற்குப் பின் அரை மணி நேரம் போதுமானதாக இருந்தது.

கடைசி மாதம் அடைவுத் தேர்வு. பி.எட். மாணவர்கள் எல்லாருக்கும் தெரிந்த சடங்கு அது: புளூ பிரிண்ட் போட்டு, வினாத்தாள் தயாரித்து, திருத்தி, சராசரியும் திட்டவிலக்கமும் கணக்கிட்டு, வினாப் பகுப்பாய்வு செய்ய வேண்டும். மேல்நிலை 27 சதவீதத்தையும் கீழ்நிலை 27 சதவீதத்தையும் எடுத்து, ஒவ்வொரு கேள்விக்கும் எந்தக் குழுவில் எத்தனை பேர் சரி என்று ஒப்பிட வேண்டும். 38 பேரில் அது பத்துப் பத்துப் பேர். பலர் இந்த எண்களைத் தோராயமாகப் போட்டு நிரப்புவார்கள். நான் உண்மையாகவே எண்ணினேன், அதனால்தான் ஒன்பதாம் கேள்வி கண்ணில் பட்டது.

"0.8-க்கும் 0.9-க்கும் இடையில் ஓர் எண் எழுதுக." மேல் பத்துப் பேரில் சரியாக எழுதியவர்கள் இரண்டே பேர். மற்றவர்கள் "எண் இல்லை" என்று எழுதியிருந்தார்கள். கீழ்ப் பத்துப் பேரில் மூன்று பேர் சரி. இரு குழுக்களின் வித்தியாசத்தைக் காட்டும் பிரித்தறியும் குறியீடு எதிர்ம எண்ணாக வந்தது. அப்படி வரும் வினாவை நீக்கிவிட வேண்டும் என்பது நான் படித்த விதி. அந்த மூவரும் ஒரே பெஞ்ச். காப்பியடித்திருப்பார்களோ என்றுதான் நினைத்தேன். ஆனால் தாள்களை அருகருகே வைத்தால் மூன்று விடையும் வேறு வேறு: 0.850, 0.825, 0.880. அதுவும் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம். நான் வகுப்பில் மூன்று இலக்கம் அதிகம் எழுதியதில்லை.

நடுவில் உட்காரும் பெண்ணைக் கேட்டேன். அவள் அம்மா சந்தையில் மீன் விற்கிறவர். "தராசுல அப்படித்தான் டீச்சர் வரும். எட்டு அம்பது, எட்டு எழுவது…" எலெக்ட்ரானிக் தராசின் சிவப்பு எண்களைச் சனி, ஞாயிறு தோறும் படித்துக்கொண்டிருக்கிறாள். 0.800-லிருந்து 0.900-க்குப் போகும் வழியில் எத்தனை எண்கள் இருக்கின்றன என்று அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். பக்கத்தில் இருந்த இருவருக்கும் முந்தின வாரமே அதைச் சொல்லியிருக்கிறாள். பதினாறு வாரமும் அவளைக் கடைசிப் பத்தில்தான் நான் வைத்திருந்தேன்.

பள்ளிக்கு எதிரே இருந்த மளிகைக் கடையில் டீச்சர் பேசி, ஒரு பாடவேளைக்குத் தராசை இரவல் வாங்கினார். கூடவே ஒரு கிலோ புளி. மேசையில் தராசை வைத்து, 0.800 காட்டும்வரை புளியை வைத்தோம். பிறகு அந்தப் பெண் புளியைச் சிறு உருண்டையாகக் கிள்ளிக் கிள்ளி வைத்தாள். வகுப்பு சத்தமாகப் படித்தது. 0.805. 0.815. 0.820. ஒரு கிள்ளு பெரிதாகிவிட்டால் "ஏ, தாண்டிட்டே" என்று கூச்சல். 0.895 வந்ததும் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். 'எண் இல்லை' என்று எழுதிய முதல் பெஞ்ச் பையன் எழுந்து வந்து, தராசின் எண்ணுக்கு மிக அருகே முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றான். ஒன்பதாம் கேள்வியை நான் நீக்கவில்லை. ரெக்கார்டில் விதியை மீறியதற்கான காரணத்தை முக்கால் பக்கம் எழுதினேன்.

பயிற்சி முடிந்து சில மாதத்தில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. 2021 கடைசியில் அரசின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் தொடங்கியபோது எங்கள் தெருவில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். சாயங்காலம், பிள்ளையார் கோவில் திண்ணை, ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்புவரை 17 பிள்ளைகள். நோட்டை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, வலப்பக்கத்தில் ஓவர், காசு, 'நீளமானது பெரியது' எல்லாம் எழுதி வைத்துக்கொண்டு தசமத்துக்கு வந்தேன். 0.7, 0.8, 0.9 எழுதி, அடுத்தது என்ன என்று கேட்டுவிட்டு மனதுக்குள் மூன்று விரல் மடக்கினேன்.

"பூஜ்யம் புள்ளி பத்து" என்றாள் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி. அது என் பட்டியலில் இருந்தது. ஒன்பதுக்கு அடுத்தது பத்து என்று முழு எண்போல எண்ணுகிறாள் என்று காரணமும் எழுதி வைத்திருந்தேன். இருந்தாலும் ஏன் என்று கேட்டேன்.

"எங்க அக்காவோட ஒன்பதாங்கிளாஸ் கணக்கு புக்ல இருக்கு, டீச்சர். பயிற்சி 3.9-க்கு அப்புறம் பயிற்சி 3.10."

புத்தகத்தை எடுத்துவரச் சொன்னேன். ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். திண்ணை விளக்கடியில் பக்கங்களைப் புரட்டினோம். இருந்தது. 3.9, அதற்கடுத்து 3.10, பிறகு 3.11. பேனாவை எடுத்து வலப்பக்கத்தில் புதிய வரி ஒன்று எழுதினேன். அவள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள், தான் சொன்னதைத்தான் எழுதுகிறேனா என்று.